தலைதாங்கியைக் கழற்றாதீர்கள், ஆசனத்தைத் திருத்துங்கள்

மன்னாரிலிருந்து கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நாளாந்தம் வாகனம் ஓட்டுகிறவர்களிடம் ஆசனத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், முறைப்பாடு விரைவிலேயே ஹெட்ரெஸ்டில் வந்து நிற்கும். அந்தத் தலைதாங்கி தலையை முன்னால் தள்ளுகிறது, கழுத்து இறுகுகிறது, வலி தோளுக்கு இறங்குகிறது என்பார்கள். இதற்குப் பலர் கண்டுபிடித்த வைத்தியங்கள் மூன்று. தலைதாங்கியைக் கழற்றிப் பின்னால் போட்டுவிடுவது, முன்பின்னாகத் திருப்பிச் செருகுவது, அல்லது முதுகோடு முட்டும்வரை அடியில் அமர்த்திவிடுவது. முறைப்பாடு முற்றிலும் நியாயமானது. வைத்தியம்தான் பிழை. கழுத்தில் தெரியும் வலியின் வேர் பெரும்பாலும் ஆசனத்தின் அடிப்பகுதியில், இடுப்பு இருக்கும் இடத்தில் கிடக்கிறது. அதைத் திருத்துவது சாரதி ஒருவரின் சொந்த வசதி சார்ந்த விடயம் அல்ல. வாகன உரிமையாளருக்கும் அந்த வாகனத்துக்கு வீதியில் ஓட அனுமதி தருகின்ற நிறுவனங்களுக்கும் உரிய கடமை அது.

தலைதாங்கி ஏன் முன்னால் சாய்ந்து நிற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் வாகனம் மோதும்போது ஆசனத்தின் முதுகுப்பகுதி உடலை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் கழுத்து வளைந்து இழுபடுகிறது. அந்த இழுபாடு முற்றுமுன் தலையைத் தாங்கிப் பிடிப்பதுதான் தலைதாங்கியின் வேலை. அமெரிக்கா 1969 ஜனவரி முதல் புதிய கார்களின் முன் ஆசனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தலைக்கும் தாங்கிக்கும் இடைவெளி கூடினால் பயன் குறைகிறது என்பது பின்னர் தெளிவானதால், 2004 டிசெம்பரில் வெளியிட்டு 2009 முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய விதியில், முன் ஆசனத் தலைதாங்கியின் உயரம் குறைந்தது 800 மில்லிமீற்றர் என்றும், தலைக்குப் பின்னுள்ள இடைவெளி 55 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்றும் வரையறுத்தார்கள். உலகச் சந்தைக்கு வாகனம் செய்கிற நிறுவனங்களின் வடிவமைப்பு இந்தத் திசையில் நகர்ந்தது. ஆனால் அந்த இடைவெளி அளக்கப்படுவது, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 25 பாகை சாய்ந்து, இடுப்பை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி அமர்த்திய ஒரு பொம்மையைக் கொண்டு. அப்படி அமராத மனிதருக்கு அதே தலைதாங்கி பிடரியில் முட்டும்.

நம்முடைய சாரதிகள் அப்படி அமர்வதில்லை. அவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஆசனமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் விலை பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே வடக்கின் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி, ஜப்பானில் பல வருடம் ஓடி, இங்கு வந்து மேலும் பல வருடம் ஓடிய வாகனங்கள். அவற்றின் ஆசனப் பஞ்சு அமுங்கிப் போயிருக்கிறது. பஞ்சு அமுங்கினால் இடுப்பு குழிக்குள் இறங்கும், முழங்கால் பக்கம் மேலெழும், இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரியும், முதுகு கூனும். கூனிய முதுகின் மேலே தலை நிற்க வேண்டிய இடத்தில் தலைதாங்கி நிற்கிறது. சாரதிக்குத் தலைதாங்கி தள்ளுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அவருடைய முதுகு ஆசனத்தை விட்டு விலகியிருக்கிறது. குழியை நிரப்ப ஒரு மொத்தமான குஷனைப் போட்டால் பிரச்சினை தலைகீழாகிறது. ஐந்து சென்ரிமீற்றர் உயர்ந்து அமர்ந்தவருக்குத் தலைதாங்கி ஐந்து சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடுகிறது. தலையைத் தாங்க வேண்டியது கழுத்தின் நடுவில் முட்டுகிறது. முன்சக்கரத்துக்கு மேலேயே சாரதியை அமர்த்தும் ஹயஸ் போன்ற வான்களில் இருப்பு ஏற்கெனவே நிமிர்ந்தது. அங்கே இந்தக் கோளாறு இன்னும் கடுமை.

இதோடு கரையோரத்துக்கென்றே இரண்டு கேடுகள் சேர்கின்றன. ஒன்று உப்புக்காற்று. பேசாலையிலும் தலைமன்னாரிலும் வங்காலையிலும் கடலை ஒட்டி நிறுத்திவைக்கப்படும் வாகனங்களில், ஆசனம் முன்பின் நகரும் தண்டவாளமும், முதுகைச் சாய்க்கும் பூட்டும், தலைதாங்கியை உயர்த்தும் பொத்தானும் துருவேறி இறுகிவிடுகின்றன. உடம்புக்கேற்ப ஆசனத்தை மாற்றும் வழி அடைபட்ட பிறகு உடம்புதான் ஆசனத்துக்கேற்ப மாற வேண்டியிருக்கிறது. மற்றது வெப்பம். றெக்சின் உறையில் முதுகு வியர்த்து ஒட்டுவதால், காற்றுப் படட்டும் என்று சாரதி முதுகைப் பிரித்து முன்னால் குனிகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிற அந்த இருப்பில் தலைக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் வெளி விழுகிறது. விபத்து நேர்ந்தால் அந்தத் தலைதாங்கி இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

அப்படி ஒரு விபத்துக்கு மன்னாரில் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கலாம். கொழும்பின் நெரிசலில்தானே ஒன்றன் பின் ஒன்றாக மோதிக்கொள்வார்கள்? மன்னாரை அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். மன்னார்த் தீவின் வீதிகளில் கழுதைகள் கூட்டமாக நிற்பது வழமை. பெருநிலப்பக்கம் முருங்கன், உயிலங்குளம், அடம்பன் பகுதிகளில் மாடுகள் இரவில் வீதியில் படுத்துக்கிடக்கின்றன. முன்னே போகிற வாகனம் திடீரெனப் பிரேக் பிடிப்பதும் பின்னே வருகிறவர் தடுமாறுவதும் இந்த வீதிகளின் இயல்பு. 2010இல் திறக்கப்பட்ட புதிய மன்னார்ப் பாலத்திலும் அதனோடு சேர்ந்த தாம்போதியிலும் ஒதுங்குவதற்கும் அதிக இடமில்லை. தலைதாங்கியின் பயன் எவ்வளவு என்பதற்கும் பழைய சான்று உண்டு. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 1982இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆசனத்தோடு ஒன்றாகச் செய்யப்பட்ட உயர்ந்த தலைதாங்கி, பின்னிருந்து மோதும் விபத்துகளில் காயப்படும் வாய்ப்பை 17 சதவீதம் குறைத்தது. உயர்த்தித் தாழ்த்தக்கூடிய வகை 10 சதவீதம் மட்டுமே குறைத்தது. உயர்த்தக்கூடியதைப் பலர் உயர்த்தாமலே விட்டதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம். 17 சதவீதம் பெரிய எண்ணா என்று ஒருவர் அலட்சியமாகக் கேட்கக்கூடும். கழுத்துக் காயம் ஆளைக் கொல்வது அரிது. ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாத சாரதிக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை. நாட்கூலிக்கு ஓட்டுகிறவருக்கு அது முழுக் குடும்பத்தின் காயம். பெண்களுக்கு இவ்வகைக் கழுத்துக் காயம் ஆண்களைவிடக் கூடுதலாக ஏற்படுகிறது என்பதும் பல நாட்டு ஆய்வுகள் உறுதிசெய்த உண்மை.

விபத்து ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். ஆசனத்தின் தேய்மானமோ ஒவ்வொரு நாளும் உடம்பில் ஏறுகிறது. மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், முருங்கன் வழியாகத் தலைமன்னார் வரும் ஏ14 வீதி நூறு கிலோமீற்றரைத் தாண்டும். மன்னாரிலிருந்து விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, பூநகரி கடந்து 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் குடாநாட்டுக்குள் நுழையும் ஏ32 வீதியும் நெடியது. போருக்குப் பிறகு இரண்டும் காப்பெற் வீதிகளாயின. பள்ளம் குறைந்தது பெரும் ஆறுதல். ஆனால் வளைவு நெளிவில்லாத நேர்ப்பாதையில் சாரதி கியர் மாற்றவும் உடம்பை அசைக்கவும் தேவை குறைந்து, ஒரே இருப்பில் உறைந்துபோகிறார். கொழும்புக்கான முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தில் இது பல மணி நேரம் நீடிக்கிறது. 1970களில் சுவீடன் ஆய்வாளர்கள் முதுகெலும்பு வட்டுக்குள் நேரடியாக அழுத்தத்தை அளந்தபோது, சாய்மானமின்றி அமர்ந்திருப்பது நிற்பதைவிடக் கூடுதல் அழுத்தம் தருவதையும், முதுகைச் சாய்த்து இடுப்புக்கு முட்டுக் கொடுத்தால் அது இறங்குவதையும் கண்டார்கள். 1975இல் கெல்சி, ஹார்டி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வாகனம் ஓட்டும் ஆண்களுக்கு வட்டு பிதுங்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்றும், லொறி சாரதிகளுக்கு அது ஐந்து மடங்கை நெருங்குகிறது என்றும் கணித்தார்கள். லொறி சாரதி பாரமும் தூக்குகிறாரே, குற்றம் முழுவதும் ஆசனத்தினுடையதா என்று வாதாடலாம். அந்த வாதம் மீன் லொறிக்காரருக்கு ஆறுதலாகாது. இரவிரவாக ஓட்டி விடியுமுன் பேலியகொடை மீன் சந்தையை அடைகிறவர், அதிர்வில் களைத்த முதுகோடுதான் ஐஸ் பெட்டியை இறக்கவும் கைகொடுக்கிறார்.

அதிர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமர்ந்திருக்கும் மனித உடலின் நடுப்பகுதி, நொடிக்கு நான்கு முதல் ஆறு தடவை மேலும் கீழும் ஆடும் அசைவுக்கு மிகக் கூடுதலாக அதிர்கிறது. வாகனத்தின் அடிச்சட்டத்திலிருந்து வரும் ஆட்டத்தில் கணிசமான பகுதி இந்த எல்லையில் விழுகிறது. அதை உள்வாங்க வேண்டியது ஆசனப் பஞ்சும் அதன் கீழுள்ள ஸ்பிரிங்கும். பஞ்சு செத்த ஆசனம் அதைத் தடுப்பதில்லை, அப்படியே முதுகெலும்புக்குக் கொடுத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டின் பணிப்புரை ஒன்றினால், ஒரு வேலைநாளில் தொழிலாளியின் உடல் வாங்கக்கூடிய அதிர்வுக்கு எல்லை வகுத்தது. ஒரு அளவைத் தாண்டினால் தொழில் கொள்வோர் நடவடிக்கை எடுக்க வேண்டும்; அடுத்த அளவைத் தாண்டவே கூடாது. அங்கே சாரதியின் ஆசனம் ஒரு வேலைத்தளம். நம்முடைய தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் எழுதப்பட்டது. அதன் பார்வை தொழிற்சாலையின் மதில்களுக்குள் நிற்கிறது. சாரதியை மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவராகவும் குற்றம் செய்யக்கூடியவராகவும் பார்க்கிறது. பத்து மணி நேரம் ஒரு இயந்திரத்தின் முன் இருந்து வேலை செய்யும் தொழிலாளியாக அவரைப் பார்க்கும் கண்தான் குறைவு.

இப்போது செய்யத்தக்கது என்ன? வரிசை முக்கியம். தலைதாங்கியில் தொடங்கக் கூடாது, அதில் முடிக்க வேண்டும். முதலில் பஞ்சு. குழி விழுந்திருந்தால் மேலே குஷன் போடாமல், குஷன் வேலைக் கடையில் உறையைப் பிரித்து உள்ளே கட்டியான பஞ்சு மாற்ற வேண்டும். அடுத்தது தண்டவாளமும் பூட்டும்; துருவை நீக்கி கிறீஸ் பூசி, எல்லா நிலைகளிலும் பூட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இருப்பு. இடுப்பை ஆசனத்தின் மூலை வரை தள்ளி அமர்ந்து, கிளச்சை முழுதாக மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்கும் தூரத்துக்கு ஆசனத்தை நகர்த்த வேண்டும். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போதே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். தொடைக்கும் முதுகுக்கும் நூறு முதல் நூற்றுப் பத்துப் பாகை வரை சாய்வு போதும். இடுப்பு வளைவில் வெறுமை தெரிந்தால் சுருட்டிய துவாய் ஒன்று அங்கே போதும். இவ்வளவும் ஆன பின்பு தலைதாங்கியின் மேல்விளிம்பைத் தலையுச்சி மட்டத்துக்கு உயர்த்தி, பிடரிக்கும் அதற்கும் இடையே மூன்று நான்கு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்போதும் முட்டினால் சாய்மானத்தை இன்னும் ஒரு படி பின்னுக்கு விடலாம், அல்லது தோள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய பஞ்சு சேர்த்து உடம்பை ஒரு விரற்கடை முன்னே கொண்டுவரலாம். தலைதாங்கியில் கட்டும் கழுத்துத் தலையணைகள் கடையில் இதமாகத் தெரியும். ஏற்கெனவே முன்னால் தள்ளுகிற தாங்கியை அவை மேலும் முன்னே கொண்டுவருகின்றன. திருப்பிச் செருகிய தலைதாங்கி வலியைத் தணிக்கலாம். ஆனால் தலை எட்டாத தூரத்தில் நிற்பதால் அது மோதலில் உதவாது.

இதை மறுத்து எழும் குரல்களில் பலமானது, ஆசனம் வசதியானால் சாரதி தூங்கிவிடுவார் என்பது. வடக்கின் நேர்ப்பாதைகளில் அதிகாலை விபத்துகளைக் கண்டவர்கள் சொல்லும்போது இதை லேசாகத் தட்டிவிட முடியாது. ஆனால் தூக்கம் வருவது தூக்கக் கடனால். முதல்நாள் பகலில் படுக்காமல் இரவு ஓட்டத்துக்கு ஏறியவருக்கு, அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடம்பின் கடிகாரம் கண்ணை இழுக்கும்போது பலகையில் இருந்தாலும் கண் செருகும். வலி விழிப்பைத் தருவதில்லை. கவனத்தைப் பங்குபோடுகிறது, களைப்பைக் கூட்டுகிறது. அதோடு வலிக்காக விழுங்கும் மாத்திரைகளில் சில தூக்கத்தையும் சேர்த்தே தருபவை. தூக்கத்துக்கு மருந்து இரண்டாவது சாரதியும் ஓய்வும்தான். அவற்றைத் தர மறுக்கிற உரிமையாளர், கரடுமுரடான ஆசனத்தைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல.

முந்தைய தலைமுறை தலைதாங்கியே இல்லாத மொறிஸிலும் ஒஸ்டினிலும் ஓட்டவில்லையா என்பது இன்னொரு குரல். ஓட்டினார்கள். ஆனால் அன்றைய வேகம் வேறு, ஒரு நாளில் ஓடிய தூரம் வேறு, வீதியில் நின்ற வாகனங்களின் தொகை வேறு. அவர்களுடைய முதுகுவலியை யாரும் கணக்கெடுக்காததால் அது இல்லாமலிருந்தது என்று ஆகிவிடாது. மன்னாருக்கு இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இல்லையா என்று மூன்றாவது குரல் கேட்கும். உண்டு. மீனவரின் கடலும், காற்றாலைகளும் கனிய மணலும் பற்றிய கேள்விகளும், மருத்துவமனையின் ஆளணியும் எல்லாம் இதைவிடப் பெரியவை. ஆனால் அவை கொழும்பின் முடிவுக்கும் பெரும் நிதிக்கும் காத்திருப்பவை. ஆசனம் அப்படியல்ல. ஒரு சாரதி ஆசனத்துக்குப் பஞ்சு மாற்றிப் பூட்டுத் திருத்துவதற்கு ஆகும் செலவு, ஒரு லொறி ரயரின் விலையைவிடக் குறைவு. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் மன்னார் நகரிலேயே இருக்கின்றன.

ஆகவே கேள்வி பணத்தைப் பற்றியதைவிடப் பொறுப்பைப் பற்றியது. ரயர் தேய்ந்தால் உரிமையாளர் மாற்றுகிறார், ஏனெனில் வண்டி ஓடாது. ஆசனம் தேய்ந்தால் வண்டி ஓடும்; சாரதியின் முதுகில் அந்தச் செலவு எழுதப்படுகிறது. இ.போ.ச. பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் ஒரே ஆசனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சாரதிகள் மாறிமாறி அமர்கிறார்கள். ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் ஒரே இடத்தில் இறுகிப்போன ஆசனம் என்றால் இருவரில் ஒருவருக்காவது அது பிழை. 2025 ஜூலை முதல் பஸ் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் பட்டி தன் வேலையைச் செய்ய உடம்பு ஆசனத்தில் ஒட்டியிருக்க வேண்டும், ஆசனம் தரையில் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஆடுகிற ஆசனத்தில் புதிய பட்டியைப் பூட்டிக் கடமை முடிந்ததெனக் கருதக் கூடாது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் வருடாந்தம் வழங்கப்படும் தகுதிச் சான்றிதழின் பரிசோதனைப் படிவத்தில் சாரதியின் ஆசனத்துக்கென நான்கு கேள்விகள் போதும்: தண்டவாளம் நகர்ந்து பூட்டுகிறதா, சாய்மானம் நிற்கிறதா, பஞ்சு தாங்குகிறதா, தலைதாங்கி உயர்ந்து நிலைக்கிறதா. மாகாணங்களுக்கிடையிலான பஸ்களுக்கு அனுமதி வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இதை நிபந்தனையாக்கலாம். மாகாணத்துக்குள் ஓடுபவற்றுக்கு வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை செய்யலாம். மீன் லொறி உரிமையாளர்களும் வான் சங்கங்களும் எந்த விதிக்கும் காத்திராமல் அடுத்த சேர்விஸோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் மடுத் திருவிழாவுக்காக நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வான்களும் பஸ்களும் இந்த வீதிகளில் இரவு பகலாக வந்து சேர்கின்றன. அக்காலத்தில் பிரேக்கையும் விளக்கையும் சோதிக்கும் பொலிஸாரும் பரிசோதகர்களும், அந்த ஆயத்தத்திலேயே சாரதியின் ஆசனத்தையும் சேர்த்துக்கொண்டால் தொடக்கத்துக்கு அது போதும். அதுவரை சாரதிகள் செய்யக்கூடியது, கழற்றிப் போட்ட தலைதாங்கியை எடுத்து மீண்டும் செருகிவிட்டு, ஆசனத்தைத் திருத்தித் தரும்படி உரிமையாளரிடம் கேட்பது. பயணிகளின் உயிரை ஒப்படைத்திருக்கும் மனிதருக்கு நேராக அமர ஓரிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.